சீட்டில் விழுந்த தெரு

ஊரில் திருட்டும் வழிப்பறியும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தன. யாரால் குறைந்தது என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. எங்கள் ரோந்தால்தான் என்று போலீஸ் மார்தட்டியது. பெட்ரோலில் ஈய விஷம் கலப்பது நின்றதால் பிள்ளைகளுக்குப் புத்தி தெளிந்தது என்றார் ஒரு டாக்டர். வாலிபர்கள் குறைந்து கிழங்கள் பெருகிவிட்டன, சுவரேறிக் குதிக்கத் தெம்பு வேண்டாமா என்றார் இன்னொருவர். பயல்கள் செல்போனை விட்டு எழுந்தால்தானே திருட முடியும் என்றது பஸ் ஸ்டாப். தெருவிளக்கு இன்ஜினியர் மட்டும் அடித்துச் சொன்னாள்: "எல்லாம் என் விளக்காலதான்."

நகரசபை லேசுப்பட்டதா? சந்து விளக்குகளின் செலவு அதன் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. நிரூபித்துக் காட்டு என்றது. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். குளிர்காலம் முடியும்வரை பாதித் தெருக்களில் விளக்கை அணைப்பது, அங்கே குற்றம் கூடினால் இன்ஜினியர் ஜெயித்தாள், கூடாவிட்டால் சந்து விளக்குகளுக்கு மூடுவிழா. எந்தத் தெரு என்று சீட்டுக் குலுக்கினார்கள். அவள் குடியிருக்கும் தெருவும் விழுந்தது.

"மாத்திடலாமா மேடம்?" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

"வேணாம் சார். என் தெருவை விலக்கினா யாரு நம்புவாங்க?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கூடவே இருக்கும் தங்கை, மருந்துக்கடை வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

முதல் வாரமே சிக்கல். இருட்டியதும் தெருமுனையில் புருஷன்மார், அண்ணன்மார், மாமனார்கள் எல்லோரும் டார்ச்சோடு கூடிவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். இத்தனை பேர் காவல் நின்றால் எவன் வருவான், சோதனை என்னத்துக்கு ஆகும்? இன்ஜினியர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "தயவுசெஞ்சு யாரும் துணைக்கு நிக்காதீங்க. என் தங்கச்சியும் தனியாத்தான் வரப்போறா." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஜனங்கள் மசிந்தார்கள். முனை காலியானது.

அப்புறமும் ஒன்றுமே நடக்கவில்லை. இருட்டுத் தெருக்களில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அவள் விளக்குகள் தோற்றுவிடும் போலிருந்தது. காலையில் பேப்பரைப் பிரித்து, குற்றச் செய்தி இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகும் நிலைக்கு வந்திருந்தாள். அது தப்பு என்று அவளுக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் ராத்திரி தங்கை வரும் நேரம் தாண்டிவிட்டது. போனைப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தின் அடிகூடத் தெரியவில்லை. செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். எல்லோரையும் போகாதீர்கள் என்று தடுத்தவள் எந்த முகத்தோடு போய் நிற்பாள்?

திடீரென்று முனைப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

அப்பாடா, என்றது அவள் மனசு.

சத்தியமாக அதுதான் முதலில் வந்தது. தங்கை ஞாபகம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்த வேகத்தில் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள்.

முனையில் தங்கை தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பள்ளத்துல காலை விட்டுட்டேன்க்கா. வேற ஒண்ணுமில்ல. கடையில கணக்கு முடிக்க லேட்டாயிடுச்சு, போன்ல சார்ஜ் வேற இல்ல." அக்காவின் தோளைப் பிடித்து எழுந்தவள் சிரித்தாள். "ஏன்க்கா இப்படி ஓடி வந்தே? நான் கத்துனதுல பயந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இன்ஜினியரால் முடியவில்லை.

"இல்லடி. சந்தோஷப்பட்டேன்."

"என்னது?"

"எவளுக்கோ ஏதோ ஆயிடுச்சு, இனி என் விளக்கை எடுக்க மாட்டாங்கன்னு... ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு."

தங்கை, அக்காவின் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்தாள். பக்கத்துச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடி தனியாகவே வீட்டைப் பார்த்து நடந்தாள்.