தலையோடு சேர்ந்து அசைவது

அருளம்பலத்தின் பழைய தலைக்கவசம் அவருடைய தலையைவிடப் பெரியது. நிலாவெளிக்கு அப்பால், வீதியை மறித்து நின்ற மாட்டுக் கூட்டத்தைக் கண்டு அவர் மோட்டார் சைக்கிளின் பிரேக்கை மிதித்தபோது, முதலில் நிலத்தைத் தொட்டது தலைக்கவசம். அதிலிருந்து சற்றுத் தள்ளி, தனியாக விழுந்தது தலை. கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று, ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வியந்து சொன்னார்கள்.

அவர் மலேரியா தடை இயக்கத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். திருகோணமலையிலிருந்து புறப்பட்டுக் குச்சவெளி வரை, கிணறு, குட்டை, மீன்வாடிகளின் பின்புறத்துக் குழிகள் என்று நீர் தேங்கும் இடமெல்லாம் குனிந்து நீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகளைத் தேடுவது அவருடைய தொழில். அந்த வீதியில் அவர் அறியாத கிணறு இல்லை. அவரை அறியாத நாயும் இல்லை. மருத்துவ விடுமுறை முடிந்துவிட்டது. வருகின்ற திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் புறப்படாவிட்டால் குச்சவெளிப் பகுதி வேறொருவருக்குப் போகும். அருளம்பலம் நகரக் கந்தோரில் ஒரு மேசைக்கு முன்னால் அமர்த்தப்படுவார். மேலதிகாரி இதை மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார். மரியாதை அதிகமாக இருந்தபடியால், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று அருளம்பலம் விளங்கிக்கொண்டார்.

அவருடைய மனைவி புஷ்பவதியும் ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். தலைக்கு அளவாகப் பொருந்துகின்ற ஒரு கவசம் வேண்டும்; பொருந்துகிறது என்பதை அவளே பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் திறப்பு அவளுடைய கைப்பையில் இருக்கும்.

அவள் அறியாத ஒன்று இருந்தது. தலையை விரைவாகத் திருப்பினால், அருளம்பலத்துக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றிய பின்னரே நின்றது. ஆகவே அவர் தலையைத் திருப்பாமல், தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பப் பழகியிருந்தார். கழுத்துப் பிடிப்பு என்று புஷ்பவதி கருதினாள். கருதட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் ஸெய்னுதீனின் கடைக்குப் போனார்கள். உட்துறைமுகப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களை உப்புக்காற்றுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே பங்கிட்டு விற்கும் கடை அது.

"வாங்க சேர், வாங்க தங்கச்சி," என்றார், ஊரெல்லாம் 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் ஸெய்னுதீன். "மாடு முட்டின ஆள் இவர்தானே?"

"மாடு முட்டேல்ல, நானா. நான்தான் முட்டப் போனனான்."

"அப்ப மாட்டுக்கெல்லோ ஹெல்மெற் வேணும்!"

அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது வெள்ளை நிறமானது. அருளம்பலம் அணிந்தார். புருவம் வரை இறங்கி உட்கார்ந்தது.

"கொஞ்சம் பெரிசாத்தான் எடுக்கோணும், சேர். காத்து ஓடும். ஆடினா உள்ளுக்கு ஒரு துவாய வைங்க."

புஷ்பவதி கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல்களை நுழைத்தாள். மூன்றாவதும் போயிற்று. "துவாய் என்னத்துக்கு, நானா? தலகணியே வைக்கலாம்."

அருளம்பலத்துக்கு வெள்ளை பிடித்திருந்தது. உடனே வாங்கிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்பதே அதன் சிறப்பு. "நல்லாத்தான் கிடக்கு, புஷ்பம். எடுப்பமே?" என்று கேட்டுத் தாமே இலேசாகத் தலையைச் சாய்த்து ஆமோதித்தார்.

தலை சாய்ந்தது. கவசம் சற்றுத் தாமதித்து, யோசித்துவிட்டுச் சாய்ந்தது.

புஷ்பவதி தபாற் கந்தோரில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவள். கம்பியின் மறுமுனையில் இருப்பவர்கள் கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நிற்பதும், 'வாயால சொல்லுங்கோ' என்று அவர்களைக் கெஞ்சுவதும் அவளுடைய அன்றாட வேலை. மனிதர்கள் தலையால்தான் முதலில் பேசுகிறார்கள் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

"இஞ்சாருங்கோ, நான் கேக்கிறன், நீங்கள் வாயைத் திறவாமல் தலையாலயே சொல்லுங்கோ. அப்பதான் ஹெல்மெற் கூட வருதோ எண்டு தெரியும்."

"கடைக்குள்ள நிண்டு என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்ல. கந்தோர்க் கதிரையில இருக்க உங்களுக்கு விருப்பமோ?"

அருளம்பலம் மிக மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தலையை அசைத்தார். முகம் திரும்பியது, கவசம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸெய்னுதீன் கைகொட்டிச் சிரித்தார். "சேர் இல்லையெண்டுறார். ஹெல்மெற் எனக்கு ஒண்டும் தெரியாதெண்டுது!"

இரண்டாவது கவசம் கறுப்பு. அது நெற்றியை முன்னாலிருந்து அழுத்தியது. காதுகளின் பக்கத்தில் தாராளமாக இடம் விட்டது. சிறிது நேரம் வைத்துக் கழற்றியபோது நெற்றியின் குறுக்கே ஒரு சிவந்த கோடு விழுந்திருந்தது. புஷ்பவதி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "இது வட்டத் தலைக்குச் செய்தது, நானா. இவருக்கு நீட்டுத் தலை."

"மேல ஒண்டு இரிக்கி. நிறத்துக்குப் பயந்து ஒருத்தரும் தொடுறல்ல."

ஏணியில் ஏறி அவர் இறக்கிய கவசம் பழுத்த பப்பாசியின் நிறத்தில் இருந்தது. தூசியைத் தட்டிவிட்டு, புஷ்பவதியே அதைக் கணவரின் தலையில் இறக்கினாள். காதுகளைத் தாண்டும்போது சற்றுப் பிடித்தது, தாண்டியதும் அமர்ந்துவிட்டது. கன்னம் இரண்டிலும் ஒரே அளவான அழுத்தம். நெற்றியில் விரல் நுழையவில்லை. அவள் நாடிக்குக் கீழே வாரைப் பூட்டி, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். கவசத்தோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர்ந்தது.

அருளம்பலம் அசையாமல் நின்றார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிய ஓசை எங்கோ தொலைவுக்குப் போயிற்று. இப்படித்தான் இருக்க வேண்டும் போலும் என்று நினைத்தார். இத்தனை ஆண்டுகளாகத் தலையின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். குச்சவெளி வீதி அவருக்கு முன்னால், பனைகளோடும் வெயிலோடும், நேராகக் கிடந்தது.

"நோகுதோ?"

தலையை மெதுவாக அசைத்தார். இல்லை.

"காது மடிஞ்சிருக்கோ?"

இல்லை. அதுவும் மெதுவாக.

"என்ன, கலியாணப் பொம்பிளை மாதிரி ஆட்டிறீங்கள்? பின்னுக்கு வாற பஸ்ஸை இப்பிடியோ திரும்பிப் பாப்பீங்கள்? டக்கெண்டு ஆட்டுங்கோ."

இந்த இடத்தில் ஸெய்னுதீன் உதவிக்கு வந்தார். "சேர், உண்மையச் சொல்லுங்க. தங்கச்சிக்குப் பயமோ?"

அருளம்பலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் தம்மை மறந்து, சிறுவனைப் போல, வலமும் இடமுமாக வேகமாகத் தலையை ஆட்டினார்.

கவசம் தலையோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தது. தலை நின்ற பிறகு கடை நிற்கவில்லை. சுவரில் கொளுவியிருந்த டயர்கள், ஏணி, ஸெய்னுதீனின் வெள்ளைத் தொப்பி எல்லாம் வரிசையாக இடப்பக்கம் புறப்பட்டுச் சென்றன. அவர் கண்ணாடி அலுமாரியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"யா அல்லாஹ்! இறுக்கிப்போட்டுது போல." ஸெய்னுதீன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இதுவும் சரிவராது, சேர். அந்த வெள்ளையையே எடுங்க."

ஒரு கதவு இவ்வளவு அகலமாகத் திறந்துகிடக்கும் என்று அருளம்பலம் எதிர்பார்க்கவில்லை. 'இறுக்கம்' என்ற ஒரு சொல் போதும். பழி கவசத்தின் மேல் விழும். வெள்ளைக்குள் ஒரு துவாயை வைத்துக்கொண்டு புஷ்பவதியை எப்படியும் சம்மதிக்கச் செய்யலாம். திங்கட்கிழமை வீதி அவருடையது.

புஷ்பவதி அவரைக் கதிரையில் இருத்தினாள். அவளுடைய இரண்டு கைகளும் கவசத்தின் இரு பக்கமும் இருந்தன. சுழல்கின்ற ஒன்றைப் பிடித்து நிறுத்துபவளைப் போலப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருந்தபடியால்தானோ என்னவோ, டயர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

"இறுக்கமோ?" என்று கேட்டாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கையில் உலகம் சுற்றினால் என்ன ஆகும் என்பதை அருளம்பலம் முன்னரும் எண்ணியதுண்டு. தனியாக எண்ணும்போது அது நடவாது என்றே தோன்றும். இன்னொருவருடைய கைகளுக்குள் தலை இருக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

"இல்ல, புஷ்பம். ஹெல்மெற்றில ஒரு பிழையும் இல்ல."

அவள் குனிந்து அவருடைய கண்களைப் பார்த்தாள். "எவ்வளவு நாளா?"

"விழுந்ததில இருந்து."

"டொக்டர் கேட்டவர்தானே?"

"கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான்."

"எனக்கும் ஒளிச்சனீங்கள்."

"கழுத்துப் பிடிப்பெண்டு நீதானே சொன்னனீ."

"நான் சொன்னால் உடன ஓமெண்டுறதோ? வேற எதுக்கு இப்பிடி ஓமெண்டு கேட்டிருக்கிறீங்கள்?"

அவள் வாரைக் கழற்றினாள். கோபத்தில் விரல்கள் விரைந்தன. தலையிலிருந்து கவசத்தை மேலே எடுக்கும்போது மட்டும் அவை மிக மெதுவாக இயங்கின, தலை சற்றும் அசையாதபடி. பிறகு சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கடையில் வேறொருவர் நிற்கிறார் என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. ஸெய்னுதீன் டயர்களை எண்ணுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

"குச்சவெளியை எங்கட கந்தோர் அன்ஸாரிட்டக் குடுத்திடுவாங்கள்," என்றார் அருளம்பலம்.

"குடுக்கட்டும். நுளம்பெல்லாம் முடிஞ்சு போகாது. உங்களுக்கும் மிச்சம் இருக்கும்."

"ஆள் புதுசு. வாடிப் பக்கத்துக் கிணறெல்லாம் அவனுக்குத் தெரியாது."

"கந்தோரிலதானே இருக்கப் போறீங்கள்? அவன் வாறபோது சொல்லிக் குடுங்கோ. இப்ப டொக்டரிட்டப் போவம். இந்த முறை நான்தான் கதைப்பன்."

அவர் மறுக்கவில்லை. "திங்கட்கிழமை நானே கந்தோர்ப் பெரியவரிட்டப் போய்ச் சொல்லுறன். நீ போனில கோல் எடுத்துச் சொல்ல வேண்டாம்," என்றார். அதைச் சொல்லி முடித்தபோது, எதிர்பார்த்த அளவுக்கு நெஞ்சு கனக்கவில்லை, ஓரளவு கனத்தது.

ஸெய்னுதீன் பப்பாசி நிறக் கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

"அதை எங்க கொண்டு போறீங்கள், நானா?" என்றாள் புஷ்பவதி.

"சேர் சைக்கிள் ஓடமாட்டாரே, தங்கச்சி."

"இப்பத்தானே ஓடமாட்டார்."

ஸெய்னுதீன் அருளம்பலத்தைப் பார்த்தார். வழக்கம்போலச் சிரிக்கவைக்கும் பகிடி ஒன்று வாய்வரை வந்திருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டு, கவசத்துக்குரிய பெட்டியை அலுமாரியின் பின்னாலிருந்து தேடி எடுத்து ஊதித் தூசி போக்கினார்.

"நல்லாப் பேப்பர் சுத்தி வையுங்கோ, நானா," என்றார் அருளம்பலம், கதிரையில் இருந்தபடியே. "உள்ளுக்குப் பஞ்சில உப்புக்காத்துப் படக்கூடாது."