கலுங்குக்கு அங்குட்டு

காரைக்குடியில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் சந்திரலேகா. பகலெல்லாம் ஆதார் அட்டையும் பத்திரமும் நகலெடுக்கிற கடை, சாயங்காலமானால் எங்கள் குழுவின் ஆபீஸ். குழு என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நான், ஆட்டோ ஓட்டும் காளிராஜ், இன்னும் நாலைந்து பேர். எந்தக் கட்சியும் கிடையாது. கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிற ஆள் யார் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, அவரை வார்டுக்கோ தலைவர் பதவிக்கோ நிற்கவைப்பதுதான் வேலை. இதுவரை நின்றவர்களில் பாதிப்பேருக்கு டெபாசிட்கூடத் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர், உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்.

சோணையம்மாள் கண்ணில் பட்டது ஒரு லாரியால். கோவிலூரைத் தாண்டி உள்ளே போனால் காரைக்கொல்லை. அவள் ஊர் அதுதான். நூறுநாள் வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை, ஒரே மகள். ஊர்க் கண்மாயில் சவுட்டு மண் அள்ள லாரி வந்து வந்து, ஆள் உயரத்துக்குப் பள்ளம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் பள்ளத்தில் கிடக்கிறதே தவிர, மடைக்கு ஏறுவதில்லை. ஊராட்சித் தலைவர் முத்துராமலிங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை. எப்படிக் கண்டுகொள்வார், லாரியில் ஒன்று அவர் மச்சினனுடையது. ஒரு நாள் சோணையம்மாள் தூக்குவாளியோடு போய் லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் கஞ்சி குடித்து முடித்து, அப்புறமும் எழுந்திருக்கவில்லை என்று காளிராஜ் வந்து சொன்னான். மறுநாளே நான் போய் அவள் வாசலில் நின்றேன்.

அவள் சட்டென்று சம்மதித்துவிடவில்லை. ஒரு வாரம் இழுத்தடித்தாள். கடைசியில், நின்று தோற்றாலும் லாரிக்காரனுக்கு ஒரு பயமிருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டு மனுத்தாக்கலுக்கு வந்தாள்.

காரைக்கொல்லையும் மேலச்சேவூரும் சேர்ந்து ஒரே ஊராட்சி. மேலச்சேவூர் பெரிய ஊர், முத்துராமலிங்கத்தின் ஊர். அங்கே எங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். காரைக்கொல்லை மொத்தமும் வந்து குத்தினால் சோணை ஜெயிப்பாள். வராவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் லாரிதான், அதற்குள் கண்மாய் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முத்துராமலிங்கத்துக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும்.

சோணை பிரசாரம் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். மைக் என்றாலே ஓடினாள். வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "நம்ம கண்மாயில கடைசியா எப்ப மீன் பிடிச்சீக?" அவ்வளவுதான் பேச்சு. அந்த வீட்டில் புருஷன் ஒரு வருஷம் சொல்வான், பெண்டாட்டி அதை மறுத்து வேறொரு வருஷம் சொல்வாள், அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். நான் எழுதிக்கொடுத்த நோட்டீஸை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் அறிவாளித்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு. சாமி விஷயத்தில் தலையிட மாட்டோம். கோவில் கூட்டத்தில் போய் உட்கார மாட்டோம். ஓட்டுக்காகத் திருநீறு பூசுகிற ஆட்கள் நாங்கள் இல்லை என்று எனக்கு அதில் ஒரு மிதப்பு வேறு. அதனால் காரைக்கொல்லை அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது நாங்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முத்துராமலிங்கம் போனார். சீரியல் லைட்டுச் செலவு என்னுடையது என்றார். எந்தச் செவ்வாய் காப்புக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, வருகிற செவ்வாயே நல்ல நாள்தானே என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னார். ஊரும் சரியென்றது.

காரைக்கொல்லையில் காப்பு என்றால் விளையாட்டு இல்லை. மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு கோத்து, வீட்டில் ஒருவருக்காக வேண்டிக்கொண்டு, பெரியவர்கள் எல்லோரும் இடது கையில் கட்டிக்கொள்வார்கள். அடுத்த செவ்வாய் முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது கலுங்கு. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போவதற்கு அந்தக் காலத்தில் கட்டிய கல்வரிசை. அந்த ஒரு வாரமும் யாரும் வேலைக்கு வெளியே போக மாட்டார்கள். தாண்டினால் வேண்டுதல் எவருக்காகவோ அவருக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

வாக்குப்பதிவு அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. ஊர்க்காரர்களுக்கு அது தெரியாமல் இல்லை. எப்போதும்போல ஊருக்குள்ளே அங்கன்வாடியில்தானே ஓட்டுச்சாவடி, ஒரு எட்டு வைத்தால் போட்டுவிட்டு வரலாம் என்று இருந்தார்கள். அங்கன்வாடிச் சுவர் விரிசல் விட்டதால் இந்தத் தடவை சாவடியை மேலச்சேவூர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கலுங்கைத் தாண்டி ஒரு மைல். நடந்தால் போகிறது, கடைசி வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். காப்பு அவர்களுக்குத் தெரியும், சாவடி எங்களுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் முத்துராமலிங்கம்.

புதன்கிழமை காலையில் போனபோதுதான் பார்த்தேன், தெருவில் எல்லோர் கையிலும் மஞ்சள் நூல். சோணையின் இடது கையிலும். சாவடி மாறிய விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. காளிராஜை இழுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போய், கலெக்டர் ஆபீஸில் சாவடியை மாற்றித் தரச்சொல்லி மனுக் கொடுத்தேன். இரண்டு நாளில் மாற்ற முடியாது என்று நியாயமாகவே சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து கோவில் பூசாரி சேவுகப்பெருமாளிடம் போனேன். ஒரு நாள் மட்டும் காப்பை அவிழ்த்துக் கட்டுவதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பாவம், நல்ல மனுஷர். கட்டத்தான் தனக்கு உரிமை, அவிழ்க்கிற நாள் ஆத்தாளுடையது என்றார். உங்கள் ஆத்தாளின் கண்மாயைத்தானே லாரியில் அள்ளுகிறார்கள், முளைப்பாரியை எதில் கரைப்பீர்கள் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சோணை வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கோபத்தில்தான் அவளிடமும் அந்த வார்த்தையை விட்டேன். ஒரு நூலுக்காக ஊரையே விட்டுக்கொடுக்கப் போகிறாயா, நூல்தானே என்றேன்.

"ஒங்களுக்கு இது நூலுதாங்க்கா," என்றாள் சோணை. "எம்மகளுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்காமப் போச்சு. இது மூணாவது. நான் எதுக்காகக் கட்டியிருக்கேன்னு நெனச்சீக?"

மகள் மஹாலட்சுமி உள்ளேதான் இருந்தாள். எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கேட்டிருப்பாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கலுங்குக்கு மேலச்சேவூர்ப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நானும் காளிராஜும் போய் நின்றுகொண்டோம். மேலச்சேவூர் பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருக்கிறது என்று போன் வந்தது. எங்கள் பக்கம் ஒரு காக்காய்கூட வரவில்லை. பத்து மணிவாக்கில் காரைக்கொல்லைச் சனம் கலுங்குவரை வந்தது. வந்து, அந்தக் கரையிலேயே நின்றது. யாராவது ஒருத்தர் தாண்டினால் மற்றவர்களும் தாண்டுவார்கள், ஆனால் அந்த ஒருத்தர் யார்? ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பரீட்சை, ஒரு வரன், ஒரு ஆபரேஷன். எல்லோரும் சோணையைப் பார்த்தார்கள். சோணை கீழே கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முத்துராமலிங்கத்தின் மச்சினன் பைக்கில் வந்து, என்ன இங்கே இவ்வளவு கூட்டம் என்று விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். அவனை அந்த இடத்திலேயே இழுத்துப்போட்டு நாலு கேட்க வேண்டும்போல இருந்தது. காளிராஜ் என்னை மரத்தடியைவிட்டு நகர விடவில்லை.

வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. அப்போது கூட்டம் விலகியது. மஹாலட்சுமி குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, மெல்ல நடந்து வந்தாள். வளைகாப்பு வளையல் குலுங்கியது. அம்மாவைத் தாண்டினாள். கலுங்கில் கால் வைத்தாள். பிள்ளைத்தாச்சி தாண்டலாமா, பிடிங்கடி என்று யாரோ பதறினார்கள். பிடிக்கப் போனால் அவர்களும் எல்லையைத் தாண்ட வேண்டும். ஒருவரும் போகவில்லை. அவள் நிதானமாக இந்தக் கரைக்கு வந்து, வேப்பமரத்தடியில் மூச்சு வாங்க நின்று, திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இந்த ஊரில் ஓட்டுக்கூடக் கிடையாது. ஓட்டு புருஷன் ஊரில்.

"அம்மா," என்றாள். "எனக்காகத்தான காப்புக் கட்டுன? நான் இங்குட்டு வந்துட்டேன். நீ அங்குட்டு நின்னு யாரக் காக்கப் போற?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

சோணை கோவில் இருந்த திசையைப் பார்த்து ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டாள். இறங்கி விறுவிறுவென்று வந்தாள். நேராக மகளிடம் வந்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அதே கையால் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். சண்டாளி, சண்டாளி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். மஹாலட்சுமியும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று காளிராஜிடம் சொன்னேன்.

சேவுகப்பெருமாள் இரண்டாவதாகத் தாண்டினார். ஆத்தா காக்கிற பிள்ளை வெளியே நிற்கும்போது நமக்கு உள்ளே என்ன வேலை என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்கவா வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை தெருமுனைவரை போனது. சாவடியில் மை வைக்கிறவர் இடது கை விரலைக் கேட்பார் அல்லவா. மஞ்சள் நூல் கட்டிய அதே கையைத்தான் ஒவ்வொருவராக நீட்டினார்கள். சோணை நீட்டியபோது வலது கையால் அந்த நூலைப் பொத்திக்கொண்டதை நான் வெளியே ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

கொஞ்ச ஓட்டில் ஜெயித்தாள். முத்துராமலிங்கம் மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினார்கள், அதே கதைதான். எண்ணுகிற இடத்துக்கு வெளியே காளிராஜ் பெரிய ரோஜா மாலையோடு நின்றான். நான் வாங்கிப் போடப் போனேன். சோணை இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"இப்ப வேணாங்க்கா. அவ நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும். கழுத்துல மாலையோட நான் எந்தச் சேதியும் கேக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பதவியேற்பு அன்றும் வெறுங்கழுத்தோடு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். யாராவது தலைவரம்மா என்று கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருந்தாள். அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று மஹாலட்சுமி போனில் சொன்னாள். லேசாக இடுப்பு வலித்தாலும் அம்மாவுக்கு முகம் வெளிறிவிடுகிறதாம். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. ஓட்டுக் கேட்டு ஜெயிக்கவைக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாலையைக் கடையில் மெஷினுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். இரண்டே நாளில் சுருங்கிக் கறுத்துப்போனது. எறும்பு வருகிறது, தூக்கிப் போடுங்க அக்கா என்று காளிராஜ் தினமும் சொல்வான். போடத்தான் நினைப்பேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை ஆணிவரைக்கும் போய்த் திரும்பிவிடும். ஒரு நாள் அவன் எடுக்கப் போனபோது, தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். அவன் அப்புறம் கேட்கவில்லை.

சித்திரை பாதியில் ஒரு மத்தியானம். கடையில் பத்திரம் நகலெடுக்க ஆள் நின்றது. சோணையம்மாள் ஆஸ்பத்திரிப் பையும் கையுமாக உள்ளே வந்தாள். தலை கலைந்து, சேலை கசங்கி, விடிய விடிய விழித்த கண். மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பொம்பளப் பிள்ள," என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

பையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த மாலைய எங்கக்கா போட்டீக?"

ஆணியிலிருந்து எடுத்தேன். நாரும் சருகும்தான் மிச்சம். புதுசு வாங்கி வரச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையைக் குனிந்து நின்றாள். போட்டுவிட்டேன். பாதிப் பூ உதிர்ந்து மெஷின் கண்ணாடியில் விழுந்தது. பத்திரத்துக்காரர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சோணை மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப நான் ஜெயிச்சிட்டேன்லக்கா?"

"ஜெயிச்சிட்ட," என்றேன்.