நாற்பத்தோராம் பக்கம்

ஆரையம்பதி நெல்லு மில் நல்லரத்தினம் வாயைத் திறந்தால் நாலு சொல். அதில் இரண்டு 'ஓம்'. அப்படிப்பட்ட மனிதர் சாவதற்கு மூன்று மாதம் முன்னால், கொழும்பில் வரி விசாரணைக் குழுவுக்கு முன் ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறார். பேசியதெல்லாம் இங்கிலீசில் தட்டச்சாகிக் கட்டாக வந்து கிடந்தது.

விசயம் இதுதான். வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மனுக்குப் போகும் நெல்லைச் சும்மா குத்திக்கொடுப்பது அவர் வழக்கம். அம்மாளுக்குப் போவதைக் கணக்குக் கொப்பியில் எழுதினால் குற்றம் என்பதும் அவர் பிடிவாதம். அம்மாள் கணக்குக் கேட்கமாட்டாள், வரிக்காரர் கேட்பார்களே! மில்லில் கரண்ட் ஓடியிருக்கிறது, அரிசி எங்கே என்றார்கள். ஒளித்து விற்றதாக முடிவெடுத்த குழு, 'மாறான சாட்சியம் எதுவும் இல்லை' என்றும் எழுதிவிட்டது.

அந்த வசனம்தான் அவர் மனைவி பத்தினிப்பிள்ளையைத் தின்றது. காசைக் கட்டித் தொலைக்கலாம். பேசாத மனிதர் ஒருநாள் பேசியதையும் இல்லையென்றால் எப்படிப் பொறுப்பது?

"மேல் கோட்டில சட்டக் கேள்வி மட்டுந்தான் மாமி எடுப்பாங்க," என்றாள், மேல் நீதிமன்றத்தில் அவளுக்காக வழக்காடும் சட்டத்தரணி தனுஷியா. "நடந்ததைத் திருப்பி விசாரிக்க மாட்டாங்க. அதால இந்தக் கட்டைப் பாக்கவே கூடாது எண்டு வரிப்பக்கம் நிக்குது."

"அப்ப அவர் சொன்னது?"

"சாட்சி இருக்கக்குள்ள இல்லை எண்டு முடிவெடுத்தா அதுவே சட்டப் பிழை. அதைக் காட்ட, அவர் கோயில் நெல்லைப் பத்திச் சொன்ன நாப்பத்தோராம் பக்கத்தை மட்டும் எடுங்க எண்டு கேக்கப்போறன். வாசிச்சுக் காட்டட்டா?"

"வேணாம் புள்ள. இல்லை எண்டு ஆக்கின பேச்சை நான் களவாக் கேக்கமாட்டன். கோடு எடுக்கட்டும், அதுக்கு மறுகா வாசி."

கொழும்புக் கோட்டில் இரண்டு பக்கமும் இங்கிலீசில் மோதின. பத்தினிப்பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. 'நல்லரத்தினம்' என்ற பெயர் வரும்போதெல்லாம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் நீதிபதி ஏதோ சொல்ல, தனுஷியா தலைகுனிந்து வணங்கினாள்.

வெளியே வந்ததும் பத்தினிப்பிள்ளை கேட்டாள். "என்ன புள்ள?"

"எடுத்திட்டாங்க மாமி. ஆனா அவர் சொன்னது உண்மையோ பொய்யோ எண்டு பாக்கமாட்டாங்களாம். சொன்னவர் எண்டதை மட்டும் ஏத்துக்கொள்ளுறாங்களாம்."

"எனக்கு அவ்வளவு காணும். உண்மையோ எண்டு பாக்க நான் இருக்கன். இப்ப வாசி."

தனுஷியா வராந்தா வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழாக்கித் தமிழாக்கி மெல்ல வாசித்தாள். கேள்வி: அம்மன் கோயில் நெல் எவ்வளவு? பதில்: எனக்குத் தெரியாது. என் மனைவிதான் அளந்துவிடுவாள். கேள்வி: எழுத்தில் இல்லாததை நாங்கள் எப்படி நம்புவது? பதில்: அவள் அளந்தால் நான் திருப்பி அளப்பதில்லை. முப்பத்தாறு வருசம். ஒரு நாளும் பிழைத்ததில்லை. அவளைப்போல ஒரு மனுசி எனக்குக் கிடைத்தது அம்மாள் தந்தது. அதற்குத்தான் அந்த நெல்.

பத்தினிப்பிள்ளைக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பாரன் இந்த மனிசனை! பக்கத்தில கிடந்த எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாம, கொழும்பில ஆரோ முகந்தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கார்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா வாசி புள்ள."