ஒரு நாள் முனைவர்

கோட்டு கொஞ்சம் பெரிது. தோள்பட்டை இறங்கித் தொங்கியது. கோட்டின் கை, விரல் நுனியைத் தொட்டது. "பரவாயில்ல சார், புரொபசர்னா இப்படித்தான் இருக்கணும். அளவெடுத்துத் தெச்ச கோட்டு போட்டவன எவன் நம்புவான்?" என்று மேனேஜர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கல்லூரியின் உடைந்த சாமான்களைப் போட்டுவைக்கும் அறை அது. கால் போன முக்காலிகளுக்கும் திரை உடைந்த கம்ப்யூட்டர்களுக்கும் மேலே கயிறு கட்டிக் கோட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்களுக்குக் கோட்டு கிடையாது, கண்ணாடி. "பவர் இல்லாததுதாம்மா, தைரியமா போடுங்க, தலைவலி வராது" என்று மேனேஜர் ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு குழு வருகிறது. இந்தக் கல்லூரியின் பட்டம் தங்கள் நாட்டில் செல்லுமா, செல்லாதா என்று பார்த்துச் சொல்லப்போகிற குழு. வந்ததும் அவர்கள் முதலில் எண்ணுவது வாத்தியார்களின் தலைகளை. இருக்க வேண்டிய தலைகளில் பாதிகூட இல்லை என்பதால், ஊரில் வேலையில்லாமல் இருந்த பொறியியல் பட்டதாரிகளை ஒரு நாளைக்கு மட்டும் பிடித்து வந்திருந்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதுபோல்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பதில்லையா, அப்படி.

அவனுக்கும் வெட்கமாக இல்லை. எதுவாகவும் இல்லை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தபின் கால் மரத்துப்போகுமே, அதுபோல உள்ளே ஏதோ மரத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காலாவது உதறினால் சரியாகும்.

அவன் படித்தது அந்தப் பக்கத்து நாட்டில்தான். இங்கே கல்லூரிகளின் தரம் போதாது, அங்கே படித்தால் எங்கேயும் வேலை என்று அப்பா அனுப்பிவைத்தார். முதுகலை முடித்து ஆராய்ச்சிக்குச் சேரும் சமயம் அப்பா படுத்துவிட, படித்தவரைக்கும் போதும் என்று திரும்பி வந்தான். வந்த பிறகு, அங்கே வாங்கிய பட்டம் இங்கே சமமில்லை என்றார்கள். மறுபடி அங்கே விண்ணப்பித்தால், எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகத்தான் மற்றவர்களுக்கு என்றார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாட்டிலும் படிக்காதவன் மாதிரி ஆகிவிட்டான் அவன்.

"தம்பிக்கு இதான் முதல் தடவையா?"

பக்கத்தில் நின்றவர் கேட்டார். முறுக்கிவிட்ட மீசை, நிஜமான நரை. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகளை வீடுவீடாக விற்பவர். அந்த மீசையின் தயவில் எல்லாக் கல்லூரியிலும் அவர்தான் துறைத்தலைவர்.

"ஆமாங்க."

"ஒரே விஷயம்தான். கேள்வி கேட்டா பதில் சொல்லிடாதீங்க. சிரிங்க. நல்லா ஒரு மாதிரி, 'இதெல்லாம் ஒரு கேள்வியா'ங்கற மாதிரி சிரிங்க. பத்து வருஷ அனுபவம் அந்தச் சிரிப்புல வந்துடும்."

இந்த வேலைக்கு அவனைப் பிடித்துக் கொடுத்ததே அவன் தங்கைதான். இதே கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். பக்கத்து நாட்டிலிருந்து வந்த ஒரு கட்டுமான நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. மேனேஜர் ஆள் தேடி அலைந்தபோது, "எங்க அண்ணன் சும்மாதான் இருக்கான்" என்று அவளே போய்ச் சொல்லிவிட்டாள்.

"உன்ன நான் சார்னு கூப்பிடணுமா?" என்று முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"பின்ன, கிளாஸ்ல அண்ணான்னா கூப்பிடுவ?"

"கருமம். வாய்ல வருமான்னு தெரியல. எதுக்கும் இப்பவே பழகிக்கறேன். சார், அந்தத் தண்ணிச் சொம்ப இப்படித் தள்ளுங்க சார்."

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்குத்தானா? பாடம் நல்லா நடத்தினா அப்படியே வெச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். இரண்டு பிள்ளைகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அவனுக்கு ஒதுக்கியது மூன்றாவது மாடி வகுப்பு. வகுப்புக்குப் பக்கத்து அறைக் கதவில் அவன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்ட பலகையை ஒட்டு நாடாவால் ஒட்டியிருந்தார்கள். வாங்காத பட்டத்தை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நன்றாகத்தான் இருந்தது.

மாணவர்கள் மட்டும் நிஜம். அவன் நடத்தவேண்டிய பாடத்துக்கு அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வாத்தியார் கிடையாது. தங்கை மூன்றாவது பெஞ்சில், முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சாக்பீசை எடுத்தான். அடியில் ஓட்டை உள்ள தொட்டி, முழுக்கத் தண்ணீர். காலியாக எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கைப் போடத் தொடங்கும்முன், கை தானாகக் கரும்பலகையின் வலது மூலைக்குப் போய் ஓர் உத்தேச விடையை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டது. "முதல்ல குத்துமதிப்பா ஒரு விடை சொல்லுங்க. அப்பறம் கணக்கு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வந்தா எங்கயோ உதைக்குதுன்னு அர்த்தம்" என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், வகுப்பின் பின்வாசலில் குழு நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணி அவனைப் பார்க்கவில்லை. பலகையின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தேசத்தை எழுதி வட்டம் போடுவது அவர் பழக்கம். பக்கத்து நாட்டில் அவர் வகுப்பில் வட்டம் போடாமல் கணக்கைத் தொட்டால் சாக்பீசைப் பிடுங்கிக்கொள்வார். அவனுடைய முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டியவர். ஆராய்ச்சிக்கு இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகத்தில் வாதாடியவர். அவன் சேராமல் போனது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பலகையிலிருந்து அவர் பார்வை மெதுவாக இறங்கி அவன் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

ஓட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தான். பாதியில் தங்கை கையைத் தூக்கினாள். "சார், தண்ணி இறங்க இறங்க வேகமும் குறையும்ல? அப்போ ஒரே வேகம்னு எப்படி வெச்சுக்க முடியும்?" சொல்லிக் கொடுத்த கேள்வி இல்லை. மேனேஜர் எழுதிக் கொடுத்த கேள்வி வேறு. அதை இன்னொரு மாணவன் கேட்பதாக ஏற்பாடு. "வெச்சுக்க முடியாது. அதான் இந்தக் கணக்கோட வில்லங்கமே" என்று அவன் பலகையை அழித்தான். அடுத்த அரை மணி நேரம் கோட்டு பெரிதாக இருப்பதே மறந்துவிட்டது.

வகுப்பு முடிந்து தாழ்வாரக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். தனியாக.

"எப்ப முனைவர் ஆன?"

"இன்னிக்குக் காலைல மேடம்."

அவர் சிரிக்கவில்லை. தானும் ஒரு குழாயைத் திறந்து, தேவையே இல்லாமல் கையை நனைத்துக்கொண்டார். வயதாகியிருந்தது. முன்பெல்லாம் நிமிர்ந்து நிற்பார்.

"கேள்வி கேட்ட பொண்ணு யாரு?"

"என் தங்கச்சி."

"நடிப்பா?"

"இல்ல மேடம். அவளுக்கு அந்த அளவுக்கெல்லாம் நடிக்க வராது."

குழாயை மூடினார். "போன மாசம் எங்க யுனிவர்சிட்டிக்கும் இதே மாதிரி ஒரு டீம் வந்துச்சு. எங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கற நாட்டுலேர்ந்து. எங்க பட்டம் அவங்களுக்குச் செல்லுமான்னு பாக்க." ஈரக் கையை உதறினார். "எங்க டிபார்ட்மெண்ட்லயும் புதுசா நிறைய முகம் முளைச்சுது. அதுல ஒருத்தருக்கு நான்தான் என் நாற்காலியக் குடுத்தேன். சைஸ் சரியா இல்லாத கோட்டு. உன்ன மாதிரியே."

அவனும் குழாயை மூடினான். அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகப் படிகள் ஞாபகம் வந்தன. அப்பா தன் சாமான் பையோடு அந்தப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தது ஞாபகம் வந்தது. வலிக்குமோ என்று ஒரு நொடி காத்திருந்தான். வலிக்கவில்லை.

"அங்கீகாரம் குடுத்தா, இங்கேர்ந்து வேலைக்கு வர்ற பசங்கள அங்க முதல் வாரமே உக்கார வெச்சு டெஸ்ட் வைப்பாங்க. பாதிப் பேரத் திருப்பி அனுப்பிடுவாங்க. குடுக்கலைன்னா வரவே முடியாது. எது நல்லதுன்னு எனக்குத் தெரியல." கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். "நான் கண்டுபிடிச்சேன்னு எழுத மாட்டேன். மீட்டிங்ல எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்போம். உன்கிட்டயும் கேப்பேன். நீ சொல்றத எழுதுவேன். அவ்வளவுதான்."

"மேடம்..."

"நல்லாத்தான் நடத்தின," என்றுவிட்டு நடந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். நீளமான மேஜை. ஒரு பக்கம் குழு, எதிர்ப் பக்கம் கோட்டுகள். தலைப்பக்கத்தில் கல்லூரி முதலாளி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி ஒன்றேதான்: இங்கே எவ்வளவு காலமாகப் பாடம் நடத்துகிறீர்கள்? மேனேஜர் காலையிலேயே ஆளுக்கொரு கணக்கு கொடுத்திருந்தார். மீசைக்காரர் பதிலே சொல்லவில்லை; சிரித்தார். குழுவிலிருந்த ஆண் ஒருவர் தானும் மரியாதையாகச் சிரித்து, ஏதோ எழுதிக்கொண்டார். கண்ணாடி போட்ட பெண்கள் ஏழு வருஷம், ஐந்து வருஷம் என்றார்கள்.

அவனுக்குக் கொடுத்தது நாலு வருஷம். சின்ன வார்த்தைதான். அதைச் சொன்னால் தங்கை எல்லையைத் தாண்டிவிடலாம். அங்கே டெஸ்டில் தேறுவாள். அவள் தேறிவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா பஸ் ஏற்றிவிட வருவாள். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"நீங்க?" என்றார் மேடம். பேனா தயாராக இருந்தது.

"இன்னிக்கு ஒரு கிளாஸ் எடுத்தேன்" என்றான்.

துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது அவனிடம் இல்லை. உண்மை கைக்கு அருகே கிடந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். பிறகு முதலாளி பெரிதாகச் சிரித்தார். "எங்க சாருக்கு எப்பவும் தமாஷ்தான். இன்னிக்கு எத்தன கிளாஸ்னு கேட்டீங்கன்னு நெனச்சுட்டார்." மீசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மேடம் தலையைத் தூக்காமல் எழுதினார். எழுதி முடித்து, அடுத்த ஆளைப் பார்த்தார். என்ன எழுதினார் என்பது மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

கோட்டைக் கழற்றிக் கயிற்றில் போட்டபோது மேனேஜர் அவன் பக்கமே வரவில்லை. தங்கை கல்லூரி கேட் அருகே நின்றிருந்தாள். அவளுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது.

"என்ன சொன்ன?"

"ஒரு கிளாஸ் எடுத்தேன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா? நாலு வருஷம்னு சொல்ல வாய் வரலையா?"

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"உனக்குக் கெடைக்கலன்னா எனக்கும் கெடைக்கக் கூடாதா அண்ணா?"

அவள் கத்தியிருக்கலாம். கத்தாமல், கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள். கேட்டுவிட்டு, தள்ளிப் போய் மதில் ஓரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இவளுக்கும் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டதோ என்று அவனுக்குத் தோன்றியது. அவளை நோக்கி ஓரடி எடுத்துவைத்தான்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் நடந்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது போலிருந்தது. அல்லது தெரிந்தும் கேட்க விரும்பவில்லை.

"சார், அங்க வேலைக்குப் போன உடனே டெஸ்ட் வைப்பாங்களாமே? நீங்க அங்கதான படிச்சீங்க? என்ன சார் கேப்பாங்க?"

"நீங்க நாளைக்கு வருவீங்களா சார்?" என்றாள் ஒருத்தி.

முதல் கேள்விக்குப் பதில் எழுதிக் காட்ட ஓர் இடம் வேண்டும். சுற்றும்முற்றும் பார்த்தான். குழு வந்த வேன் அங்கேதான் நின்றிருந்தது. எல்லையிலிருந்து ஓடிவந்ததில் புழுதி அதன் பின்கதவு முழுக்க அப்பியிருந்தது. அதில் விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தான். கோட்டின் இரண்டு முனைக்கும் கீழே இரண்டு முக்கோணங்கள், மேலே, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. "ஒரு உத்திரம். ரெண்டு பக்கமும் தாங்கல். இங்க பாரம் வெச்சா முதல்ல எங்க விரிசல் விடும்?"

ஒருவன் நடுவில் என்றான். ஒருத்தி முனையில் என்றாள். அப்படியானால் ஏன் என்று கேட்டான். தடுமாறினார்கள், ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். உள்ளேயிருந்து குழுவினர் வந்து வேனில் ஏறினார்கள். மேடம் கடைசியாக ஏறினார். பின்கதவுப் பக்கம் அவர் வரவில்லை. டிரைவர் ஹாரனைத் தட்டினார்.

யாரோ தோளை இடித்துக்கொண்டு முன்னால் வந்ததுபோல் இருந்தது. தங்கை. அவனைப் பார்க்காமல் கதவை மட்டும் பார்த்தாள். "அங்க இல்ல" என்று, அம்புக்குறிக்கு நேர் கீழே, உத்திரத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைக்கப் போனாள்.

வேன் நகர்ந்தது. உத்திரமும் இரண்டு தாங்கல்களும் மேலிருந்த பாரமும் கேட்டைத் தாண்டி, சாலையில் திரும்பி, புழுதிக்குள் சிறுத்துக்கொண்டே போயின. அவள் விரல் மட்டும், கதவு இருந்த இடத்தில், இன்னும் நீட்டியபடி இருந்தது.