கொசுவம் இல்லாத படம்

சாருலதா உடம்புக்குள் இருப்பதை வரைகிறவள். அந்தத் தொழிலைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே அவள் அம்மா ஓய்ந்துவிட்டாள். டாக்டருக்குப் படித்திருக்கிறாளா என்பார்கள். இல்லை. அப்படியானால் டிராயிங் டீச்சரா? அதுவும் இல்லை. மயிலாப்பூரில் பிறந்த ஒரு பெண் மண்ணீரலை வரைந்து பிழைப்பாள் என்று நம்ப யாரும் தயாராக இல்லாததால், கடைசியில் குடும்பமே தண்ணீர் தெளித்து விட்டுவிட்டது.

உண்மையில் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தி.நகர் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்காக மூட்டு மாற்றும் வீடியோ செய்தாள். எல்லாம் வெள்ளைக்கார முட்டி. மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுப் போகும் பளபளப்பான ஈரல், சர்ஜன்கள் எழுதும் புத்தகத்துக்கு நரம்பு, விபத்து வழக்கில் ஜட்ஜுக்குக் காட்ட உடைந்த எலும்பு என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கூலி கொடுக்கிற எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். அழகாக இருக்க வேண்டும். அழுகிப்போன குடலாக இருந்தாலும் அழகாக இருக்க வேண்டும். பூசி மெழுகிப் பூசி மெழுகி அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது. நோயாளிகள் பார்ப்பதற்கான படத்தை மட்டும்தான் இனி வரைவது என்று வேலையை விட்டுவிட்டு, அடையாறில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

பெரிய வாய்ப்பு ராகவேந்திரன் மாமா மூலம் வந்தது. அவர் அப்பாவின் சிநேகிதர். நகரம் முழுவதும் பெண்களுக்கான இலவச கிளினிக் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் தலைவர். எல்லா கிளினிக்குக்கும் புதிதாகச் சுவர்ப்படம் வேண்டும், நீயே வரை என்றார். இது கைகூடினால் அவள் தலைநிமிர்ந்து இருக்கலாம். கைநழுவினால் தி.நகருக்கே திரும்பிப் போய் வெள்ளைக்கார முட்டியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் மயிலாப்பூர் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்த பழைய படத்தைப் பார்த்தாள். கர்ப்பப்பை இறங்கிவிடுவதைப் பற்றிய படமாம் அது. அதில் மூக்குத்தியும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண்மணி புன்னகைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் மட்டும் ஒரு ஜன்னல் போல வெட்டி, உள்ளே கர்ப்பப்பையைக் காட்டியிருந்தார்கள். அது இறங்கி வரவேண்டிய இடத்தில் அரக்குக் கரை பட்டுப்புடவையின் கொசுவம் ஜரிகையோடு வழிந்தது. அந்தப் பெண்மணியின் நெற்றியிலும் காலிலும் குங்குமம் அப்பியிருந்தது. வருகிறவர்கள் அம்மன் படம் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அங்கிருந்த டாக்டர் ஹம்சினி சொன்னாள். இது என்ன வியாதி என்று இதுவரை ஒருத்தி கேட்டதில்லையாம்.

அன்றுதான் சுப்பம்மாவும் அங்கே வந்திருந்தாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவள். கடைசிப் பிரசவத்திலிருந்தே கர்ப்பப்பை கீழே இறங்கி வெளியே தட்டுப்பட்டுக்கொண்டிருந்ததை, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீன்கூடை சுமந்தே மறைத்திருக்கிறாள். வலி தாங்காமல்தான் வந்தாள். ஹம்சினி உள்ளே தாங்குவதற்கு ஒரு வளையத்தை வைத்து அனுப்பினாள். வெளியே வந்த சுப்பம்மா, கையில் பென்சிலோடு நின்ற சாருலதாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் படம் போடுறவளா? எனக்கு இன்னா எறங்கிச்சுன்னு நானே பாத்தது இல்ல. அத்தப் போட்டுக் காமி."

சாருலதா வரைந்தாள். மாநிறத் தொடை, பிரசவத் தழும்பு ஓடிய வயிறு, குந்தி உட்கார்ந்து கண்ணாடி வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. பிறப்புறுப்பின் வாசலில் சின்னத் தக்காளி போலச் சிவப்பாக எட்டிப்பார்க்கும் கர்ப்பப்பை. இதற்கு வைத்தியம் உண்டு என்று கீழே ஒரு வரி. பொட்டு இல்லை, பூ இல்லை.

தி.நகரில் அறக்கட்டளையின் கமிட்டி கூடியது. படத்தை விரித்ததும் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இன்னொருவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகவேந்திரன் மட்டும் பேசினார்.

"கொழந்தே, படம் பிரமாதம். ஒரு கொசுவம் மட்டும் போட்டுடு."

"வியாதியே கொசுவத்துக்குக் கீழதான் இருக்கு மாமா."

புருஷன்மார்களும் குழந்தைகளும் கூட வருவார்கள் என்றார் அவர். பெண்களே கூச்சப்படுவார்கள் என்றார். கூச்சப்பட்டுத்தானே இத்தனை வருஷம் கூடையோடு அதையும் சேர்த்துச் சுமந்தார்கள் என்றாள் இவள். அவருக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் காலத்தில் இதற்கு ஓவியரே தேவையில்லை, கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் வரைந்து கொடுத்துவிடும் என்றார்.

"குடுக்கும் மாமா. ஆனா அது பாத்துப் படிச்சதெல்லாம் நீங்க மாட்டி வெச்ச படம்தானே? அதுவும் கொசுவம்தான் போடும்."

அப்படியானால் மற்ற படங்களும் உனக்கு இல்லை என்று அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். சாருலதா படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பாண்டி பஜார் நடைபாதைக்கு வந்த பிறகுதான், அறைக்கு வாடகை எங்கிருந்து வரும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் பயம் பிடுங்கியது. பயத்துக்காகப் படத்துக்குப் புடவை கட்டிவிட முடியாது என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

மறுநாள் காலை அந்தச் சுருளோடு நொச்சிக்குப்பத்தில் சுப்பம்மாவின் மீன்கடைக்குப் போனாள். சுப்பம்மா கையைக் கழுவிவிட்டு வந்து விரித்துப் பார்த்தாள். பிறகு தானே ஐஸ் பெட்டிக்கு மேலே இருந்த சுவரில் அதை ஒட்டினாள். பக்கத்துக் கடைச் சின்னப்பையன் பார்த்துவிட்டு, இன்னாக்கா இது அசிங்கமா என்று முகத்தைச் சுளித்தான்.

"நீ வந்த வழிடா அது. அசிங்கமா கீதுன்னா கண்ண மூடிக்கினு போ," என்றாள் சுப்பம்மா. அவன் வஞ்சிரத்தைத் திருப்பிப் போடுவதில் மும்முரமானான்.

அந்த நேரம் பார்த்து ராகவேந்திரனிடமிருந்து போன். இரவெல்லாம் யோசித்தாராம். கொசுவம் வேண்டாம், மெல்லிசாக ஒரு துணி மட்டும் போதும். கமிட்டியை நான் சமாளித்துக்கொள்கிறேன், எல்லாப் படங்களும் உனக்குத்தான் என்றார். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

அதற்குள் நண்டு விற்கும் தாயம்மா தலையில் கூடையோடு படத்தின் முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போனது. வரைந்தவள் இவள்தான் என்று சுப்பம்மா கை காட்ட, சட்டென்று திரும்பி, சாருலதாவின் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"யாரு சொன்னது உனக்கு? எங்க வூட்டுக்காரருக்கே நான் சொன்னது இல்லியே. என்னிய எப்டி நீ போட்ட?"

சாருலதா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"மெல்லிசுத் துணியும் வேண்டாம் மாமா. இங்க ஒருத்தி, தன்னத்தான் வரைஞ்சுட்டேன்னு சண்டைக்கு வந்து நிக்கறா. நான் அவளோட பேசணும்."