இறங்காத நாற்பத்தொரு கைகள்

நத்தக்குளத்தில் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நடந்த கிராம சபையில் உயர்ந்த நாற்பத்தொரு வலது கைகள் இறங்கவில்லை. ஊராட்சிச் செயலர் தங்கபாண்டி தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்து முடித்து, போட்டோவுக்காகக் கையைத் தூக்கச் சொன்னார். என்ன தீர்மானம் என்று யாரும் கேட்கவில்லை; அந்த ஊரில் கேட்கும் வழக்கமில்லை. போட்டோ எடுத்தாயிற்று, டீயும் வந்தது. எல்லாரும் இடது கையால் வாங்கிக் குடித்தார்கள். மறுநாள் முதல், ரோட்டில் நடப்பவர்களுக்கெல்லாம் திருச்சுழி பஸ்கள் நின்று நின்று போயின. "ஏறலேன்னா எதுக்குத்தா கையக் காட்டுற?" என்று கடைக்கார ஜமால் மைதீன் முருகலட்சுமியைக் கேலி செய்தார். அவர் கையும் தலைக்கு மேலேதான் இருந்தது.

முருகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்ட இரண்டு கையும் வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் இரண்டு கையோடு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எலும்பில் கோளாறில்லை என்றார் அருப்புக்கோட்டை டாக்டர். இருபதாம் நாள் அவளுடைய மாமனார் பால்சாமி கை தூக்கியபடியே இறந்தார். குழியை எவ்வளவு ஆழமாக வெட்டியும் மணிக்கட்டு வெளியே நின்றது. அதன்மேல் காக்கை உட்காரவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு அவள் தங்கபாண்டியிடம் போனாள். "எதுக்குண்ணே கையத் தூக்குனோம்?" அவருக்கும் தெரியவில்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தைப் பொதுமக்களே வெட்டி அகற்றுவது என்றிருந்தது. ஒன்பது வருஷமாகப் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவந்த வரி அது.

மறுநாளே ஊர் வழக்கப்படி கயிறு போட்டு அளந்து, கை தூக்கியவர்களுக்கெல்லாம் பங்கு பிரித்தார்கள். பால்சாமிக்கும் எட்டடி விழுந்தது. இடது கையால் வெட்டினார்கள். வேலை நகர நகர, கைகள் விரற்கடை விரற்கடையாகத் தாழ்ந்தன. செப்டம்பர் இருபத்தொன்பதில் நாற்பது பங்கும் முடிந்தபோது எல்லார் கையும் தோள்மட்டத்தில் நின்றுவிட்டது. முருகலட்சுமி மாமனார் பங்கில் அரிவாளை ஓங்கினாள். ஜமால் மைதீன் தடுத்தார். "அடுத்தவுக பங்குல அருவா வைக்கக் கூடாதுத்தா. அப்புறம் தண்ணி வராது."

பொழுது சாயும் முன் அவள் இடுகாட்டுக்குப் போனாள். "மாமா, ஒங்க பங்கு மட்டுந்தான் மிச்சம். நான் நாளைக்கு மில்லுக்குப் போகணும்," என்றாள். கொண்டுபோயிருந்த அரிவாளை அந்தக் கையருகே வைத்துவிட்டு வந்தாள்.

விடிந்து பார்த்தால் எட்டடியும் வெட்டிக் குவிந்திருந்தது. பால்சாமியின் விரல்களில் முள் கிழித்த கோடுகள் இருந்தன. நகக்கண்ணில் பச்சைச் சாறு. அந்தக் கை மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. ஊரில் நாற்பது கைகளும் தொப்பென்று விழுந்தன. முருகலட்சுமி இரண்டு கையாலும் முகம் கழுவிக்கொண்டு ஆறரை பஸ்ஸுக்கு ஓடினாள். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது.

ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் தங்கபாண்டி ஒவ்வொரு தீர்மானத்தையும் இரண்டு தடவை நிறுத்தி வாசித்தார். எல்லாரும் கையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்டார்கள். இடுகாட்டுப் பாதைக்கு விளக்குப் போடும் தீர்மானத்துக்கு மட்டும் நாற்பது பேரும் யோசித்துக் கை தூக்கினார்கள். தங்கபாண்டி எண்ணிக்கொண்டே வந்து, கடைசியில் இடுகாட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொன்று என்று எழுதினார். "சரியாத்தான் எழுதியிருக்கீக," என்றாள் முருகலட்சுமி.