டப்பாவுக்கு வீசிய காற்று

சமுதாயக் கூடத்துச் சுவரில் தங்கள் தெருவே படமாக விழுந்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கொதிக்கிற வீட்டுக்குச் சிவப்பு, பரவாயில்லை என்கிற வீட்டுக்கு மஞ்சள், குளுமையான வீட்டுக்கு நீலம் என்று ஆய்வுக்காரப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். தகரத்துக்கு அடியில் குடியிருப்பவர்களின் உடம்பை வருஷா வருஷம் ஏறும் வெயில் என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவள். சிவப்பு வீடுகளின் கூரைக்கு முதலில் வெள்ளைப் பூச்சு அடித்துத் தருவார்கள், அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கைவசமிருக்கும் பூச்சு எல்லோருக்கும் வராது. மிச்சப் பேருக்கு அடுத்த வருஷம்தான்.

தெருமுனையில் ஒரே ஒரு வீடு மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது. அது டப்பாக்காரியின் அண்ணன் வீடு.

டப்பாக்காரி என்பது தெரு வைத்த பெயர். தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு ஆய்வுக்கு உள்ளூர் ஆளாகச் சேர்ந்தவள். சூட்டை அளக்கும் தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். "உங்கண்ணன் ஏசி போட்டுட்டாரா? ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் கண் அந்த நீலத்தை விட்டு அகலவில்லை.

அண்ணன் தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவர். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டே வருகிறது, சூட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "நெருப்பை விட்டா எனக்கு வேற யாரு சார் இருக்கா?" என்று கேட்டு அவரையே சிரிக்கவைத்துவிட்டு வந்த மனுஷர். இப்போது வண்டியைத் தள்ளத் தெம்பில்லை. பகல் முழுக்க அந்தத் தகரத்துக்குக் கீழேதான் கிடக்கிறார். அவருடைய கூரை வெள்ளையாக வேண்டும் என்றுதான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நேரே அங்கே போனாள். அண்ணன் வெறுந்தரையில் கண்ணை மூடிக் கிடந்தார். வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைப் பார்த்து வீசியது. அங்கே தண்ணீர்ப் பானையை ஒட்டி ஈரத்துணி விரித்து, அதன்மேல் டப்பா புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணி இது?"

"நீதானேம்மா சொன்னே, இது கெட்டுப்போனா என் வேலை போயிடும், பத்திரமா பாத்துக்கங்கன்னு? மனுஷனே உருகிப்போற சூட்டுல இத்தனூண்டு மிஷினு தாங்குமா?"

சொன்னவள் அவள்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னாள். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு, டப்பாவை எங்கேயோ மாட்டி மறந்துபோனார்கள். அவர்களுக்குச் சிவப்பு கிடைத்தது. அவள் வேலை போய்விடக் கூடாதே என்று மெய்யாகவே கவலைப்பட்ட வீடு இது ஒன்றுதான். அண்ணியைத் திட்ட வாயெடுத்தவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் நின்று ஆய்வுக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. "மறுபடி அளந்துடலாம் அக்கா. பூச்சு தீர்றதுக்குள்ள சரியான அளவு வந்துட்டா நானே சேத்துடறேன். வீடு எப்பவும் போலவே இருக்கட்டும்" என்றாள்.

டப்பாக்காரி டப்பாவை எடுத்து, அண்ணன் படுக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள். விசிறியை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் அண்ணி. இந்த வீட்டுச் சூடு இதுக்குத் தெரிஞ்சாதான் நமக்குக் கூரை."

"அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி. 'எப்பவும் போல' என்பதைச் சொல்ல விட்டுப்போனது அப்போது டப்பாக்காரிக்கு உறைக்கவில்லை.

சிவப்பு வீடுகளில் பூச்சு வேலை தொடங்கியது. டப்பாக்காரி ஏணியைக் காட்டுவதும் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுமாக அலைந்தாள். நடுநடுவே போனைத் திறந்து, டப்பாக்கள் அனுப்பும் அளவில் அண்ணன் வீட்டை மட்டும் பார்த்தாள். நீலம் மஞ்சளானது. மறுநாள் மத்தியானம் சிவப்பானது. "அக்கா, இப்ப தெருவுலயே உங்கண்ணன் வீடுதான் முதல். அடுத்து அங்கதான்" என்று ஆய்வுக்காரப் பெண் போனில் சொன்னபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்களை அனுப்பிவிட்டு, தான் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. கதவைத் திறந்த அண்ணியின் புடவை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. விசிறி மூலையில் வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"விசிறியை ஏன் நிறுத்தினீங்க அண்ணி?"

"உங்கண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு. காத்து பட்டா நம்பர் எறங்கிடும், மறுபடி தப்பாச்சுன்னா தங்கச்சிப் பாப்பா பேரு கெட்டுடும்னாரு. ரெண்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கலாம்னாரு." குரல் தாழ்ந்தது. "காலைலேருந்து ஒரு மாதிரி பேசறாரும்மா."

அண்ணன் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தொட்ட கையை அவள் இழுத்துக்கொண்டாள், அவருடைய இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"பாப்பா, மடிச்ச துணியெல்லாம் கலைச்சுடாத" என்றார். வீட்டில் துணியே இல்லை.

பானையை அப்படியே அவர்மேல் கவிழ்த்தாள். சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். தெருமுனையில் ஒரு வண்டி கிடைத்தது. பின் சீட்டில் அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டு முந்தானையால் வீசினாள். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்து, "நான் பாத்துக்கத்தானே செஞ்சேன், நான் பாத்துக்கத்தானே செஞ்சேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி திரும்பும்போது பார்த்தாள். பூச்சுக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். திறந்து கிடந்த அந்த வீட்டின் சுவரில் ஏணியைச் சாய்த்து ஒருவன் மேலே ஏறி, தகரத்தின் மேல் வாளியைச் சாய்த்துத் தேய்த்தான். முதல் வெள்ளை கண் கூசியது.

கையில் போன் திறந்தபடியே இருந்தது. அதில் அண்ணன் வீட்டுச் சூட்டின் அளவு இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் வீசிக்கொண்டே இருந்தாள். மடியில் இருந்த நெற்றி இன்னும் கொதித்தது.